அட்டையை அட்டை கடித்தால்: உலக வரலாறும் 1,200 ஃப்ளாஷ்கார்டும்

கேள்வி, நவம்பர் 3

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப் போகிறேன். உலக வரலாற்றுக்கென்று 1,200 ஃப்ளாஷ்கார்டு உள்ள தொகுப்பு ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் நிகழ்ச்சி, மறுபக்கம் ஆண்டு. தினம் 40 பார்த்தால் ஒரே மாதத்தில் முடிந்துவிடும், அதன் பிறகு உலக வரலாற்றைத் தொடவே வேண்டாம் என்கிறான் அறைத்தோழன். சரிதானா?

நவம்பர் 3, இரவு

சரியில்லை. முதலில், ஒரு மாதத்தில் முடியாது. இன்று பார்த்த நாற்பதில் பாதி நாளைக்கே திரும்பி வந்து வாசலில் நிற்கும். அட்டைகளை நாள் கணக்கு வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆங்கி செயலியில் போன வருடம் தினம் 20 புதிது என்று வைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் பழைய பாக்கி மட்டும் நாளுக்கு 150. ஒரு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்தால் 310.

அப்புறம் மதிப்பெண். பொதுப்பாட முதல் தாள் 250 மதிப்பெண், 20 கேள்வி, மூன்று மணி நேரம். அதில் உலக வரலாறு ஒன்றோ இரண்டோ. அதிலும் ஆண்டையா கேட்கிறார்கள்? 2013இல், அமெரிக்கப் புரட்சி வணிகவாதத்துக்கு எதிரான பொருளாதாரக் கலகம் என்பதை நிறுவச் சொன்னார்கள். 2015இல், இரண்டு உலகப் போர்களுக்கும் ஜெர்மனி எந்த அளவுக்குப் பொறுப்பு என்று கேட்டார்கள். 1776ஐயும் 1939ஐயும் வைத்துக்கொண்டு இதில் எத்தனை மதிப்பெண் வாங்குவீர்கள்? சுழியம்.

தொகுப்பை அழித்துவிட்டு பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் பின்பாதியை எடுங்கள்.

நவம்பர் 4

நேற்று எரிச்சலில் எழுதிவிட்டேன். எரிச்சல் உங்கள் மேல் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன் நான் அடித்த கூத்தின் மேல்.

அட்டைக்குக் காசு செலவழிப்பானேன் என்று வீட்டிலிருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினேன். நல்ல கெட்டி அட்டை. ஒரு பத்திரிகைக்கு நான்கு துண்டு. வெற்றுப் பக்கத்தில் கேள்வி. அச்சடித்த பக்கத்தில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்கு மேலேயோ கீழேயோ இடம் கிடைத்த இடத்தில் விடை. ஐந்து ஸ்வீட் டப்பா. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்குத் திரும்பும். முதல் டப்பாவைத் தினமும் பார்க்க வேண்டும், ஐந்தாவதை மாதம் ஒருமுறை. நான் கண்டுபிடித்ததல்ல. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1972இல் எழுதியது. எறும்பு வந்தது மட்டும் என் சொந்தச் சரக்கு. மைசூர்பாகு டப்பாவைத் துடைக்காமல் எடுத்தேன்.

நவம்பர் 9

கையால் எழுதினால் மனதில் பதியுமே, செயலியை விட அதுதானே மேல் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். எழுதும்போது பதிவது உண்மை. என்ன பதிகிறது என்பதுதான் கேள்வி.

என் அட்டைகளில் சிலவற்றின் மூலையில் மஞ்சள் தடவியிருக்கும், பத்திரிகை ஆயிற்றே. சிலவற்றில் தங்க நிறப் பிள்ளையாரை அழுத்தி அச்சடித்திருப்பார்கள், தும்பிக்கை மறுபக்கம் புடைத்துத் தெரியும். மஞ்சள் மூலை என்றால் ஆஸ்திரியாவின் மெட்டர்னிக். தும்பிக்கை என்றால் இத்தாலியின் கவூர். இரண்டு மாதத்தில் கேள்வியைப் படிக்காமலே விடை வந்தது. டப்பா டப்பாவாக முன்னேறினேன். என்ன பெருமை.

ஒரு நாள் தங்கை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "வியன்னா மாநாட்டுக்குத் தலைமை யாரு?" என்று சத்தமாகக் கேட்டாள். விடை அந்த மஞ்சள் மூலை மெட்டர்னிக்தான். எனக்கு வரவில்லை. "அட்டையைக் காட்டு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு வெங்காயம் கீழே உருண்டது.

அட்டையைத்தான் படித்திருக்கிறேன், வியன்னாவை அல்ல. செயலியில் மஞ்சள் கறை கிடையாது, ஆனால் அங்கேயும் இதே நோய் வரும். கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் விரல் பொத்தானுக்குப் போய்விடும்.

நவம்பர் 21

ரஷ்யப் புரட்சிக்கு உங்கள் தொகுப்பில் இரண்டு அட்டை இருக்கிறது, ஒன்றில் 1917 அக்டோபர் 25, இன்னொன்றில் நவம்பர் 7, எதை அழிப்பது என்கிறீர்கள். இரண்டுமே சரி. அப்போது ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது, 13 நாள் பின்னால். பிப்ரவரிப் புரட்சி வெடித்ததும் நம் கணக்கில் மார்ச் 8. 1918இல் ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று ஒரே தாவாகத் தாவி மற்ற நாடுகளோடு சேர்ந்துகொண்டார்கள். தினசரிக் காலண்டரில் ஒரே தாளில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன குழப்பம்.

பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் மாதங்களுக்கே புதுப்பெயர் வைத்தார்கள். புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் விழுந்தது தெர்மிடோர் 9, அதாவது 1794 ஜூலை 27. நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது ப்ரூமேர் 18, 1799 நவம்பர் 9. தெர்மிடோர் வெப்ப மாதம், ப்ரூமேர் மூடுபனி மாதம். முதுவேனில், முன்பனி என்று மனதில் போட்டுக்கொண்டேன், அதன் பிறகு மாறவில்லை.

அழிக்க வேண்டியவை வேறு. நீங்கள் அனுப்பிய நூறு அட்டையில் இரண்டு தவறு பார்த்தேன். பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸின் பாஸ்டில் சிறையிலிருந்து 'நூற்றுக்கணக்கான அரசியல் கைதிகள்' விடுதலையாம். உள்ளே இருந்தது ஏழு பேர். முதல் உலகப் போர் முடிந்தது 1919 ஜூன் 28 என்று ஒன்று. துப்பாக்கி ஓய்ந்தது 1918 நவம்பர் 11. ஜூன் 28 வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்தான நாள். சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டது 1914இல் அதே ஜூன் 28. கையெழுத்தான கண்ணாடி மண்டபம்தான் 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் பேரரசு பிறந்ததாக அறிவித்த இடம். இந்த மூன்றையும் ஒரே அட்டையில் போட்டால் 2015 கேள்விக்கு முன்னுரை தயார்.

எழுதி முடித்தபின் பார்க்கிறேன், ஆண்டுக்குச் சுழியம் என்று நவம்பர் 3 அன்று சொன்னவன் நான்தான். இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

டிசம்பர் 2

1914 மறந்து மறந்து போகிறது என்று புலம்பியவருக்கு: அந்த வருடம் செப்டம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டது. கப்பலின் பெயர் எம்டன். ஊரில் யாரையாவது 'சரியான எம்டன்' என்று திட்டும்போதெல்லாம் உங்கள் அட்டை ஒருமுறை புரள்கிறது.

டிசம்பர் 18

ஒரே அட்டையை எட்டு முறை தவறவிட்டால் ஆங்கி அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தி ஒதுக்கி வைத்துவிடும். தமிழில் அதுவும் அட்டைதான். ரத்தம் குடிக்கும் அட்டை. இந்தச் சொல்விளையாட்டை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

என்னைக் கடித்த அட்டை: 'செவ்ர்?' அவ்வளவுதான் முன்பக்கம். பின்பக்கம் '1920 ஆகஸ்ட் 10, ஒட்டோமான் பேரரசுடன் ஒப்பந்தம்'. ஒவ்வொரு முறையும் என் வாயில் வந்தது 1956, சூயஸ். கோபமாக வந்தது. பிறகுதான் தெரிந்தது, நான் சொன்னதும் தவறில்லை. சூயஸ் தாக்குதலுக்கு முன் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டதும் பாரிஸை ஒட்டிய அதே செவ்ர்தான், 1956 அக்டோபரில். ஒரு ஊர், இரண்டு சதி, ஒற்றைச் சொல் கேள்வி. அட்டை மேல்தான் குற்றம்.

வால்பாறையில் எஸ்டேட்டில் வளர்ந்த நண்பன் சொல்வான், அட்டை கடித்தால் பிய்க்காதே, உப்பு வை, தானே விழும் என்று. வைத்தேன். இப்போது இரண்டு அட்டை. '1920இல் ஒட்டோமான் பேரரசைக் கூறுபோட்ட ஒப்பந்தம் ஏன் நிலைக்கவில்லை?' விடை: துருக்கியின் முஸ்தபா கெமால் ஏற்க மறுத்துப் போரிட்டார், 1923இல் லோசான் ஒப்பந்தம் அதன் இடத்துக்கு வந்தது. மற்றது: 'சூயஸ் தாக்குதலுக்கு முன் மூன்று நாடுகள் எங்கே கூடின, ஏன் ரகசியமாக?'

செவ்ர் பீங்கானுக்குப் பேர்போன ஊர். 1920 ஒப்பந்தம் கையெழுத்தானதே அங்குள்ள பீங்கான் ஆலையில்தான். இரண்டும் பீங்கான் போலவே உடைந்தன. இதைச் சேர்த்ததிலிருந்து ஒருமுறை கூடத் தவறவில்லை.

ஜனவரி 6

உப்பு வைத்ததில் ரொம்ப மகிழ்ந்துவிட்டேன் போல. மாதிரித் தேர்வில் சூயஸ் வந்தது, 2014இல் கேட்ட அதே கேள்வி: நெருக்கடிக்கு வழிவகுத்த நிகழ்வுகள் என்ன, வல்லரசு என்ற பிரிட்டனின் சுயபிம்பத்துக்கு அது எப்படிக் கடைசி அடி கொடுத்தது. நான் எழுதியது: 'எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். உடனே மூன்று நாடுகளும் தாக்கின.' திருத்தியவர் சிவப்பு மையில் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: 'உடனேயா?'

நாட்டுடைமை ஜூலை 26. தாக்குதல் அக்டோபர் 29. நடுவில் மூன்று மாதம். விடை முழுக்க அந்த மூன்று மாதத்துக்குள்தான் இருக்கிறது. லண்டனில் மாநாடு கூடியது, இந்தியாவுக்காக கிருஷ்ண மேனன் போய் சமரசத்துக்கு வழி சொன்னார், பேச்சு நடந்துகொண்டே இருந்தது, இன்னொரு பக்கம் செவ்ரில் ரகசியம். பேசித் தீர்க்க வாய்ப்பு இருந்தும் சதி செய்தார்கள் என்பதுதானே அமெரிக்காவைக் கோபப்படுத்தியது? பவுண்டு சரிந்தபோது அமெரிக்க அதிபர் ஐசனோவர் கைகொடுக்கவில்லை, பிரிட்டன் பின்வாங்கியது, 1957 ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் ஈடன் பதவியை விட்டுப் போனார். இவ்வளவும் எனக்குத் தெரியும். 'சூயஸ் நெருக்கடி, 1956' என்று அட்டையில் இருந்ததால் மனதுக்குள் அது ஒரே நாள் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது.

பத்துக்கு மூன்றரை.

ஜனவரி 7

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. அக்டோபர் 29 அன்று தாக்கியது இஸ்ரேல் மட்டும். பிரிட்டனும் பிரான்சும் குண்டுவீசத் தொடங்கியது 31. நடுவே இரண்டு நாள், சண்டையை நிறுத்த வந்த பெரிய மனிதர்கள் மாதிரி நடித்தார்கள். 'உடனேயா' என்று கேட்டவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மறுநாளே எல்லோரையும் ஒரே தேதியில் திணித்திருக்கிறேன். திருத்தியவருக்கு நன்றி, கொஞ்சம் வயிற்றெரிச்சலும்.

பிப்ரவரி 11

அந்தாதி போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல் ஆவது போல, ஒரு அட்டையின் விடை அடுத்த அட்டையின் கேள்வி.

ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தது, பிரிட்டனுக்கு மிஞ்சியது என்ன? கடன். கடனை அடைக்க யார் தலையில் கைவைத்தார்கள்? அமெரிக்கக் குடியேற்றங்கள், 1765 முத்திரைச் சட்டம். குடியேற்றங்களின் கோபம் எதில் பொங்கியது? தேயிலையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்கில் தேங்கிக் கிடந்த தேயிலையை அங்கே தள்ளிவிட 1773இல் சட்டம் போட்டார்கள், டிசம்பர் 16 அன்று அது போஸ்டன் துறைமுகத் தண்ணீரில் மிதந்தது. பிறகு வந்த போரில் அமெரிக்காவுக்குக் கைகொடுத்தது யார்? 1778இல் பிரான்ஸ். பிரான்சுக்கு என்ன மிஞ்சியது? மறுபடி கடன். கடனுக்கு என்ன செய்தார் மன்னர்? 1614க்குப் பிறகு கூட்டாத எஸ்டேட்ஸ் ஜெனரல் என்ற பிரதிநிதிகள் சபையை 1789 மே 5 அன்று கூட்டினார். பாரிஸில் எழுந்த உரிமைப் பேச்சு கடல் தாண்டி யார் காதில் விழுந்தது? கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்றமான சென்-டொமிங்குவின் அடிமைகள் காதில், 1791இல் எழுச்சி, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற சுதந்திர நாடு. அந்தக் குடியேற்றம் கைநழுவத் தொடங்கியதுமே நெப்போலியன் எதை விற்றார்? 1803இல், வட அமெரிக்காவில் பிரான்சுக்கு இருந்த லூசியானாவை. வாங்கியது? அமெரிக்கா.

அந்தாதியில் கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தைத் தொட்டு மண்டலிக்குமே, அதேதான். பேருந்தில் வரும்போது மனதுக்குள் ஓட்டினேன், கோட்டூர்புரத்தில் ஏறியது, வீடு வரும்வரை ஒரு கண்ணி கூட அறுபடவில்லை. இதை வைத்து 2019இல் வந்த கேள்விக்கு (நவீன உலகின் அடித்தளத்தை அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள் எப்படி இட்டன) விடை எழுதிப் பார்த்தேன். ஏழரை நிமிடம்.

பிப்ரவரி 26

அந்தாதியைச் செயலியில் ஏற்றியவர்கள் ஏற்றாதீர்கள். அது கலைத்துப் போடும். ஆறாவது அட்டை ஐந்தாவதுக்கு முன்னால் வந்து விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்தாதி தாளில், தேதி செயலியில்.

இன்னொரு சங்கடம், இது பெரியது. சங்கிலி அழகாக ஓடுவதால் எல்லாம் நடந்தே தீர வேண்டியவை போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. கடன் வந்தால் புரட்சி வருமா என்ன? பிரிட்டனுக்கும்தான் மலைபோலக் கடன், அங்கே அந்த நூற்றாண்டில் எந்த மன்னர் தலையும் போகவில்லை. வரி போடவும் கடன் வாங்கவும் அவர்களுக்கு ஒரு நாடாளுமன்றம் இருந்தது. பிரான்சில் பிரபுக்களும் திருச்சபையும் வரிச்சலுகையை விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ஒவ்வொரு மூன்று அட்டைக்கும் நடுவே சிவப்பு மையில் ஒன்று வைக்கிறேன்: 'இந்தக் கண்ணி அறுந்திருக்க முடியாதா?' அதற்குப் பின்பக்கம் காலி.

மார்ச் 30

மலாயா அட்டைகள் மட்டும் எனக்கு ஒருமுறை கூடத் தவறியதில்லை, ஏன் என்று யோசித்தேன்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பத்து டாலர் நோட்டு இருந்தது. வாழைமரம் போட்டது. ஜப்பான்காரன் மலாயாவில் அடித்த பணம், போர் முடிந்ததும் வெறும் காகிதம். தாத்தா கெடாவில் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது அவர் அண்ணன் போனார், திரும்பவில்லை. நோட்டை யாரும் தூக்கிப் போடவில்லை, மடித்த இடத்தில் கிழிந்து மஞ்சள் துணியில் சுற்றியிருக்கும்.

சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அவசரநிலை 1948. விடுதலை 1957 ஆகஸ்ட் 31. இவற்றுக்கு நான் அட்டையே போட்டிருக்க வேண்டாம். 2017இல் மலாய் தீபகற்பத்தின் காலனிய விடுவிப்புச் சிக்கல்களைக் கேட்டார்கள், எங்கள் வீட்டுக் கதையைக் கேட்பது போல இருந்தது. மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் யாருக்குக் குடியுரிமை என்ற சண்டையில்தான் தாத்தா கப்பல் ஏறி ஊர் வந்தார்.

1885இல் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை வேகமாக மறக்கிறோம் என்று அளந்து காட்டினார். முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியோடு போட்ட டிரியானான் ஒப்பந்தமும் பல்கேரியாவோடு போட்ட நெய்லி ஒப்பந்தமும் எனக்கு அந்த அசைகள் மாதிரிதான். ஹங்கேரிக்காரன் வீட்டில் டிரியானானுக்கும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும்.

ஜூன் 19

முதல்நிலை முடிந்தது. மூன்று மாதமாக ஆங்கியைத் திறக்கவில்லை. இன்று திறந்தேன், பாக்கி 1,914. எம்டன் ரசிகருக்கு இந்த எண்ணைச் சமர்ப்பிக்கிறேன்.

ஜூலை 14

பாக்கியை அடைக்கவில்லை. ஆண்டு மட்டும் கேட்ட அட்டைகளை மொத்தமாக நிறுத்திவிட்டு, 'ஏன்', 'அதற்குள் என்ன நடந்தது' என்று கேட்பவற்றை மட்டும் வைத்தேன். 86 தேறின. பிறகு ஒரு வாரம் கழித்து, நிறுத்தியதிலிருந்து அறுபது ஆண்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 3 அன்று சொன்னதை அதனால் மாற்றிக்கொள்கிறேன். ஆண்டுக்கு மதிப்பெண் கிடையாது, சரி. ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிடம். எது முன்னால், எது பின்னால் என்று அதில் இரண்டு நிமிடம் தடுமாறினால் காரணகாரியம் எழுத ஏழுதான் மிச்சம். 'உடனே' என்று நான் உளறியதும் காரணம் தெரியாமல் இல்லை, தேதி தெரியாமல்.

அறுபதில் எவை என்று கேட்காதீர்கள், தரமாட்டேன். நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ அவை.

ஜூலை 15

தரமாட்டேன் என்றது கஞ்சத்தனம் என்று மூன்று பேர். தந்தாலும் தேட முடியாது ஐயா. என் தொகுப்பில் வெர்சேல்ஸ், வெர்செய்ல்ஸ், வெர்சாய் மூன்றும் இருக்கின்றன. படித்த புத்தகம் எப்படி எழுதியதோ அப்படி. விடைத்தாளில் எதையாவது ஒன்றைக் கடைசிவரை எழுதுங்கள் போதும். நான் வெர்சேல்ஸ் கட்சி.

ஆகஸ்ட் 9

அம்மா மொய் நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகள் கல்யாணப் பக்கத்தில் தேதி எழுதாமல் விட்டிருக்கிறாள். "பத்திரிகை பீரோவுலதானே இருந்துச்சு, எங்க போச்சு?"

"ஆவணி 22, ஞாயிறு, காலை ஏழரையிலிருந்து ஒன்பது, கன்னியா லக்னம்" என்றேன், இருந்த இடத்திலிருந்து.

அம்மா நம்பவில்லை. ஸ்வீட் டப்பாக்களைத் தேடி எடுத்து, நான்காவதில் அந்தத் துண்டைக் கண்டுபிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். ஆவணி 22. ஏழரை, ஒன்பது, கன்னி. பத்திரிகையை வெட்டியதற்குத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். துண்டைத் திருப்பி என் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"முதல் பால்கன் போர் எந்த வருஷம்டா?"

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.